நெஞ்சைத் திறக்காமல் எடுத்தார்கள்: பினாங்கு கேத் லேப் ஒன்றின் சேவை எப்படி?

பினாங்குத் தீவிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் கேத் லேப் (இரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறை) சேவையைப் பற்றி எழுதுகிறேன். என் அக்காவின் இதயத்துக்குள் உடைந்து விழுந்திருந்த குழாய்த்துண்டைத் தொடைச் சிரை வழியாகவே எடுத்துக் கொடுத்தார்கள். மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. உள்ளே வேலை செய்தவர்களைப் பாராட்டப் போகிறேன், வெளியே கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தவர்களைத் திட்டப் போகிறேன். இரண்டையும் ஒரே பெயருக்குக் கீழே போட்டால் முதல் கூட்டத்துக்கு நியாயமாக இருக்காது.

நான் பாயான் லெப்பாஸில் மருத்துவக் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். குழாயை மெஷினில் மாட்டி அறும்வரை இழுப்பது, தண்ணீரில் அமுக்கிக் காற்று கசிகிறதா என்று பார்ப்பது, வெட்டுவாயில் பிசிறு இருக்கிறதா என்று லென்ஸில் பார்ப்பது, இதுதான் பல வருஷம் எனக்குச் சோறு போட்ட வேலை. அதனால் மருத்துவமனை லாபியின் குளுகுளுப்பும் பியானோவும் எனக்கு ஒன்றுமில்லை. உள்ளே போன பொருளும் வெளியே வந்த பொருளும் கணக்கில் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்ப்பேன். கீழே வருகிற பாராட்டு பெரும்பாலும் அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ மருந்தைக் கையிலுள்ள சின்னச் சிரைகளில் திரும்பத் திரும்ப ஏற்றினால் அவை கெட்டுப்போகும் என்று போர்ட் வைத்தார்கள். காலர் எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு சின்னக் குப்பி. அதன் மேல்மூடி கெட்டியான சிலிக்கோன். அதிலிருந்து கிளம்பும் மெல்லிய குழாய் காலர் எலும்புக்கு அடியிலுள்ள சிரைக்குள் நுழைந்து, மேற்பெருஞ்சிரை இதயத்தில் வந்து சேரும் இடத்தருகே முடியும். மருந்து ஏற்றும்போது ஹூபர் ஊசி என்று ஒன்றைக் குத்துவார்கள். மூடியைத் துண்டாக நோண்டி எடுத்துவிடாதபடி முனை வளைத்துச் செய்த ஊசி அது. கீமோ முடிந்த பிறகும் டாக்டர்கள் போர்ட்டை உடனே எடுப்பதில்லை. மறுபடி தேவைப்படலாம் என்று விட்டு வைப்பார்கள். அதுவரை அடைக்காமல் இருக்க அவ்வப்போது சலைன் அடித்துக் கழுவ வேண்டும். பல இடங்களில் நாலு வாரத்துக்கு ஒரு முறை என்று கார்டில் எழுதித் தருவார்கள்.

அந்தக் கழுவும் வேலை நடந்தது வேறு ஓர் இடத்தில். அங்கே ஒரு கட்டத்தில் சலைன் இறங்க அடம்பிடித்தது. "கையை மேல தூக்குங்க ஆன்ட்டி" என்பார் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். தூக்கினால் இறங்கிவிடும். அக்காவும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடுவார். அடுத்த தடவையும் அதே கதை. கையைத் தூக்கினால் ஓடுகிறது, இறக்கினால் நிற்கிறது என்றால் குழாய் எங்கேயோ நசுங்குகிறது என்று அர்த்தம். ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். எடுக்கவில்லை.

நசுங்கிய இடம் காலர் எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே. கையை அசைக்கும்போதெல்லாம் அந்த இடுக்கு குழாயைக் கடிக்கிறது. டாக்டர்கள் இதைப் பிஞ்ச் ஆஃப் என்கிறார்கள். காலர் எலும்புக்கு அடிச் சிரை வழியாக வைக்கும் குழாய்களில் சுமார் 1 சதவீதத்தில் இது நடக்கிறது என்று படித்தேன். கழுத்துச் சிரை வழியாக வைத்தால் அந்த இடுக்கே குறுக்கே வராது. குழாய் வேலை செய்தவள் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: ஒரே இழுப்பில் அறாத குழாய்கூட, ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை நசுங்கினால் விட்டுவிடும். தினமும் துணி காயப்போட்டு, சப்பாத்தி தேய்த்து, வகுப்பில் இருந்தது போதாதென்று பேரப்பிள்ளைகளுக்கும் போர்டில் எழுதிக் காட்டுகிற ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை என் அக்கா. அந்தக் கை சும்மா இருந்த நேரம் கிடையாது.

கடைசியில் ஒருநாள் சலைன் அடித்ததும் தோலுக்கு அடியில் எரிச்சலும் வீக்கமும் வந்தது. அப்போதுதான் எக்ஸ்ரே. படத்தில் போர்ட் இருந்த இடத்தில் இருந்தது. அதிலிருந்து கொஞ்ச தூரம் குழாய் ஓடி, நின்றுவிட்டது. மீதி, இதயத்தின் நிழலுக்குள் வளைந்து கிடந்தது. இந்தக் குழாய்களில் பேரியம் சல்பேட் கலந்திருப்போம், எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த வெள்ளைக் கோட்டைத் தொழிற்சாலையில் ஆயிரம் தடவை சரிபார்த்திருப்பேன். அக்காவின் நெஞ்சுக்குள் அதைப் பார்த்தபோது எனக்கு வாய் வறண்டுபோனது.

அக்காவுக்கு என்ன செய்தது என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை! படியேறும்போது கொஞ்சம் படபடப்பு, அவ்வளவுதான். இப்படி எந்தத் தொந்தரவும் இல்லாமல் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படும் கேஸ்கள் நிறைய உண்டாம்.

சரி, மருத்துவமனைக்கு வருவோம்.

இதய டாக்டரைப் பார்த்த முதல் சந்திப்புக்கு முழு மார்க். சீன டாக்டர்; மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார், அவசரப்படவில்லை. எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு, ஒரு முனை வலது மேலறைச் சுவரில் சாய்ந்திருக்கிறது, இன்னொரு முனை வலது கீழறைக்குள் போயிருக்கிறது என்று பேனாவால் காட்டினார். "தொந்தரவு இல்லையே, அப்படியே விட்டால் என்ன?" என்று அக்கா கேட்டார். ஆசிரியை அல்லவா, கேள்வி கேட்காமல் இருக்க மாட்டார். அதற்கும் பொறுமையாகப் பதில் வந்தது. துண்டின் மேல் இரத்தம் உறையலாம், கிருமி குடியேறலாம், துடிப்பின் தாளம் கெடலாம், முனை சுவரைக் குத்தலாம், நழுவி நுரையீரல் தமனிக்குப் போகலாம். ரொம்ப நாள் கிடந்து சுவரோடு ஒட்டி வளர்ந்துவிட்ட துண்டாக இருந்தால் இழுப்பது ஆபத்து, அப்போது விட்டுவைப்பதா, அறுவை செய்வதா என்று யோசிக்க வேண்டி வரும். அக்காவின் துண்டு படத்துக்குப் படம் கொஞ்சம் அசைந்தது. ஒட்டவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம் என்றார். நெஞ்சைப் பிளக்காமல் எடுக்கும் முயற்சி பத்தில் ஒன்பதுக்கும் மேல் பலிக்கிறது, பலிக்காவிட்டால் அறுவை டாக்டர் இதே கட்டடத்தில் இருக்கிறார் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தைத் தானாகச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை.

எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, தொடைச் சிரையில் ஒரு குழலை வைத்து, அதன் வழியாகக் கம்பியும் சுருக்கும் அனுப்பி, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே பிடித்து இழுப்போம் என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அக்கா, "ஏன் பாப்பா, தோட்டத்துல கிணத்துல வாளி விழுந்தா பாதாளக் கரண்டி போட்டு எடுப்பாங்களே, அதுதானே இது?" என்றார். அதேதான் அக்கா. ஒரே வித்தியாசம், இந்தக் கிணறு துடித்துக்கொண்டே இருக்கும்.

இனி திட்டு. அட்மிஷன் கவுண்ட்டர்.

இன்சூரன்ஸ் கார்டை நீட்டினால் கேரண்டி லெட்டர் (ஜி.எல்., பணத்துக்கு இன்சூரன்ஸ் பொறுப்பு என்ற கடிதம்) வரும்வரை உட்காருங்கள் என்றார்கள். ஜி.எல். கேட்டு அனுப்பிய தாளில் என்ன எழுதினார்களோ தெரியாது, இன்சூரன்ஸ்காரர்கள் திரும்பக் கேட்டார்கள்: இது புது நோயா, பழைய சிகிச்சையின் விளைவா? டாக்டரின் கடிதம் வேண்டும். கடிதம் மாடியில் இருக்கிறது, அனுப்பும் ஆள் கீழே இருக்கிறார், இருவருக்கும் நடுவே நான்தான் தபால்காரி. அதற்குள் முன்பணம் 5,000 வெள்ளி (ரிங்கிட்) கட்டச் சொன்னார்கள். ஜி.எல். வந்தால் திருப்பித் தருவோம் என்று ரசீதின் பின்னால் முத்திரை. இதயத்தில் குழாய்த்துண்டோடு ஒரு பெண் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்தக் கவுண்ட்டரில் யாருக்கும் உறைத்த மாதிரி தெரியவில்லை. "ஆன்ட்டி, நம்பர் கூப்பிடுவோம்" என்பதற்கு மேல் ஒரு பேச்சில்லை. கார் நிறுத்துமிடம் வேறு நிரம்பி வழிந்தது. மேடானிலிருந்து வருகிற இந்தோனேசிய நோயாளிகளுக்கு ஏர்போர்ட்டிலிருந்து வேன், கையில் பூச்செண்டு. பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி வருகிற எங்களுக்கு மூன்றாம் மாடி பார்க்கிங்கில் தூணுக்குப் பின்னால் ஓர் இடுக்கு. மருத்துவச் சுற்றுலா பினாங்குக்குச் சோறு போடுகிறது, தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

காத்திருந்த நேரத்தில் இந்த வேலையின் பூர்வீகத்தைப் படித்தேன். இதயத்துக்குள் குழாய் விடலாம் என்பதையே 1929இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் தன் கைச் சிரையில் தானே குழாயைச் செருகி, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துத்தான் நிரூபித்திருக்கிறார். மேலதிகாரிகள் மெச்சவில்லை, 1956இல் நோபல் பரிசு வந்தது. குழாயும் கம்பியும் உள்ளே போக ஆரம்பித்தால் உள்ளேயே உடையவும் ஆரம்பிக்கும் அல்லவா? 1964இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியின் வலது மேலறையில் முறிந்து கிடந்த எஃகு வழிகாட்டிக் கம்பியை, மூச்சுக்குழாயில் பயன்படுத்தும் இடுக்கியை விட்டு, அறுவை இல்லாமல் எடுத்தார்கள். இவ்வகையில் பதிவான முதல் கேஸ் அதுதான். 1971இல் சார்லஸ் டாட்டர் என்ற அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் அதுவரை நடந்த 29 கேஸ்களைத் திரட்டி எழுதினார். அப்போது சுருக்கைத் தாங்களே கம்பியை மடித்துச் செய்துகொண்டார்கள். சிறுநீரகக் கல் எடுக்கும் கூடையைக்கூட இதயத்துக்குள் அனுப்பியிருக்கிறார்கள். ஜி.எல். வருவதற்குள் இவ்வளவும் படித்து முடிக்க முடிந்தது என்பதையும் கவனியுங்கள்.

கேத் லேப்புக்குள் உறவினரை விடமாட்டார்கள். நடந்ததை இரண்டு வழியில் தெரிந்துகொண்டேன். அக்கா மயக்கம் இல்லாமல் விழித்தே இருந்தார், தொடையில் மட்டும் மரத்துப்போக ஊசி. அப்புறம், டாக்டர் பதிவான படங்களை எங்கள் இருவருக்கும் ஓட்டிக் காட்டினார். இதற்காகவே ஒரு நட்சத்திரம் தனியாகத் தரலாம்.

சுருக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போனால் எனக்கு மனசு ஆறாது. குர்ட் ஆம்ப்ளாட்ஸ் என்ற கதிரியக்க மருத்துவரின் பெயரால் வழங்கும் கூஸ்நெக் ஸ்னேர் அது. நிக்கலும் டைட்டேனியமும் கலந்த நிட்டினால் கம்பி. எவ்வளவு மடக்கி மெல்லிய குழலுக்குள் அடைத்தாலும் வெளியே வந்ததும் பழைய வட்டத்துக்கே திரும்பிவிடும். வட்டத்தின் மேல் தங்கமுலாம் பூசிய டங்ஸ்டன் சுற்று, எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிவதற்காக. வட்டம் தண்டுக்குச் செங்குத்தாகத் திரும்பி நிற்கும்; இரத்தக்குழாயின் குறுக்கே விரிந்து, எதிரே வரும் முனையைத் தனக்குள் வாங்கிக்கொள்ளத் தோதாக. 5 மில்லிமீட்டரிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை அளவு உண்டு, அதைவிடச் சின்னதும் உண்டு. முனை வட்டத்துக்குள் வந்ததும் சுருக்கைப் பின்னால் இழுப்பதில்லை. வெளிக்குழலை முன்னால் தள்ளுவார்கள். இழுத்தால் பிடித்த முனை நழுவிவிடும், தள்ளினால் இறுகும். சின்ன விஷயம்தான். ஆனால் இதை யோசித்த ஆளோடு ஒரே லைனில் வேலை செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அக்காவின் கேஸில் சுருக்கு முதலில் வேலைக்கு ஆகவில்லை. சுருக்குக்கு ஒரு முனையாவது அந்தரத்தில் நிற்க வேண்டும். இங்கே ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது, மற்றது கீழறையின் தசைமேடுகளுக்கு நடுவே செருகியிருந்தது. படத்தில் தங்க வட்டம் இரண்டு மூன்று தடவை முனையைத் தடவிப்பார்த்துவிட்டுப் போவது தெரிகிறது. டாக்டர் அதோடு மல்லுக்கட்டவில்லை. சுருக்கை வெளியே எடுத்துவிட்டு, பிக்டெயில் என்கிற நுனி சுருண்ட குழாயை அனுப்பினார். அதன் சுருளைத் துண்டின் நடுப்பகுதியில் கொக்கி போட்டுத் திருகி, மெதுவாகக் கீழே இழுத்தார். அந்த நேரத்தில் மானிட்டர் தாளம் தப்பிக் கத்தியதாம், அக்காவுக்கு நெஞ்சில் நாலைந்து துடிப்பு தாறுமாறாக வந்து போனதாம். இழுப்பை உடனே நிறுத்தி, தாளம் சரியானதும் மறுபடி தொடர்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற தமிழ் ரேடியோகிராஃபர் தம்பி, "கம்பி உரசுதுல்ல, அதான் ஆன்ட்டி. முன்னாடியே சொன்னோம்ல, பயப்படாதீங்க" என்றிருக்கிறார். முன்னாடியே சொல்லியும் இருந்தார்கள்.

துண்டு முழுவதும் இதயத்தை விட்டுக் கீழ்ப்பெருஞ்சிரைக்கு இறங்கியது. அங்கே அகலமும் இருக்கிறது, அசைவும் குறைவு. இப்போது கீழ்முனை அந்தரத்தில். சுருக்கை மறுபடி அனுப்பி, முனைக்கு மிக அருகில் பிடித்தார்கள். நடுவில் பிடித்தால் குழாய் இரண்டாக மடிந்து பருமனாகிவிடும், தொடையிலுள்ள குழலுக்குள் வராது. இதை எதிர்பார்த்துத்தான் 10 ஃப்ரெஞ்ச் குழல் வைத்திருந்தார்கள், அதாவது 3.3 மில்லிமீட்டர் துவாரம். அப்படியும் வராவிட்டால் குழலையும் துண்டையும் சேர்த்தே உருவிவிடுவார்களாம். அதற்குத் தேவை ஏற்படவில்லை. மொத்தமும் ஒரு மணி நேரத்துக்குள். நெஞ்சிலிருந்த போர்ட் குப்பியையும் அதோடு ஒட்டியிருந்த மிச்சக் குழாயையும், அதே மேஜையில், அந்த இடத்தை மரக்கச் செய்து எடுத்துவிட்டார்கள்.

இப்போது நான் இவர்களுக்கு மார்க் போட்ட இடத்துக்கு வருகிறேன்.

டாக்டர் வெளியே வந்து, "ஆச்சு, எடுத்துட்டோம்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போயிருக்கலாம். பெரும்பாலான குடும்பங்களுக்கு அது போதும். இவர் கையில் ஒரு மூடிபோட்ட டப்பா இருந்தது. உள்ளே இரண்டு துண்டுகள். இதயத்திலிருந்து வந்தது 13 சென்டிமீட்டர், போர்ட்டோடு இருந்தது 9 சென்டிமீட்டர். போர்ட் வைத்தபோது எழுதிய ஆபரேஷன் குறிப்பை முன்கூட்டியே வரவழைத்திருந்தார். அதில் உள்ளே வெட்டி வைத்த நீளம் 22 என்றிருந்தது. மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி எங்களுக்குக் காட்டினார். அதோடு, கடைசியாக நெஞ்சு, வயிறு, தொடை வரை ஒருமுறை எக்ஸ்ரேயில் ஓட்டிப் பார்த்து, எங்கும் வெள்ளைக் கோடு இல்லை என்பதையும் பதிவு செய்திருந்தார். உடைந்த குழாய் மறுபடி உடையக்கூடியது. இழுக்கும்போது ஒரு சென்டிமீட்டர் கழன்று நுரையீரலுக்குப் போய்விட்டால் நோயாளிக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் தொழிற்சாலையில் ஒரு பேட்ச் உள்ளே போனால் நல்லது, கெட்டது, சிந்தியது எல்லாம் கூட்டி மொத்தம் வரும்வரை ஷிப்டை முடிக்க விடமாட்டோம். ஒரு மருத்துவமனையில் அதே பிடிவாதத்தைப் பார்த்தது எனக்கு அன்றைக்குத்தான்.

டப்பாவைக் கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று வாங்கிப் பார்த்தேன். மூடியைத் திறக்கவில்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியிலிருந்துதான். உடைந்த வாய் வட்டமாக இல்லை. தட்டையாக நசுங்கி, ஓரம் கந்தலாக இருந்தது. ஒரே இழுப்பில் அறுந்த வாய் அப்படி இருக்காது. மாசக்கணக்கில் கடிபட்ட வாய் அது. டாக்டரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "அதையே ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன்" என்றார்.

இன்னொன்றும் கேட்டேன். இதை எங்கே அனுப்பப் போகிறீர்கள்? உடலுக்குள் வைத்த கருவி உடைந்தால் அது மருத்துவக் கருவி ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டிய விஷயம். 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டம், 737ஆம் சட்டம், இங்கே இருக்கிறது. போர்ட் வைக்கும்போது கொடுத்த கார்டில் லாட் எண்ணும் (எந்தத் தொகுதியில் செய்தது என்ற எண்) இருந்தது. அக்கா அதை ஐசி அடையாள அட்டையோடு பர்ஸில் வைத்திருந்தார், புண்ணியவதி. டாக்டர் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, துண்டைத் தூக்கிப் போடாமல் பாதுகாக்கச் சொன்னார். நோயாளி "எனக்கு ஞாபகார்த்தமாகக் கொடுங்கள்" என்று வீட்டுக்கு எடுத்து வராமல் இருப்பதுதான் நல்லது. அக்கா அப்படித்தான் கேட்டார். நான் விடவில்லை.

வார்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொடையில் கால் மணி நேரம் அழுத்திப் பிடித்தார்கள், அப்புறம் சில மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுக்க வேண்டும். தமனியில் அல்ல, சிரையில் போட்ட துளை என்பதால் ஆபத்து குறைவுதான். என்றாலும் இரவு மிஸ்ஸி வந்து வந்து தொடைக் கட்டின் மேல் டார்ச் அடித்துப் பார்த்தார். மலாய்க்காரப் பெண், அக்காவை வாய்நிறைய "சிக்கு" (மலாயில் டீச்சர்) என்று கூப்பிட்டார். ஆசிரியை என்று யார் சொன்னார்களோ. கஞ்சியில் உப்பே இல்லை. மறுநாள் காலையில் நான் கீழே போய் இட்லி தபாவ் பண்ணி, அதாவது பொட்டலம் கட்டி, வாங்கி வந்தேன். டிஸ்சார்ஜ் செய்யும்போது, தண்ணீர்மலைக் கோவில் படியேறலாமா என்று அக்கா கேட்டார். கொஞ்ச நாள் பொறுத்து, காயம் ஆறியதும் ஏறலாம் என்று பதில். படபடப்பு அதன்பிறகு வரவில்லை. இனி போர்ட் தேவைப்பட்டால் வலதுபக்கக் கழுத்துச் சிரையில், ஸ்கேன் பார்த்துக்கொண்டே வைப்போம் என்று ஃபைலில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பில் சுமார் 20,000 வெள்ளி. இதைப் படிக்கிற முக்கால்வாசிப் பேருக்கு வேண்டிய தகவல் இதுதான் என்று தெரியும், அதனால் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். தனியார் மருத்துவமனையில் டாக்டரின் கட்டணத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. 13ஆவது அட்டவணை என்பார்கள். எங்கள் பில்லில் டாக்டர் பகுதி அதற்குள்தான் இருந்தது. பில்லை வீங்க வைப்பது மற்றவை. லேப் வாடகை, சுருக்கு, பிக்டெயில், குழல், கம்பி, மருந்து, கையுறை வரை எல்லாம் தனித்தனி வரி. சுருக்கு ஒரே ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான், திரும்பக் கழுவிப் பயன்படுத்தும் பொருளல்ல. ஆக அந்த வரியைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வரியில் வெறுமனே "பல்வகைப் பொருட்கள்" என்று ஆயிரத்துச் சொச்சம் போட்டிருந்தார்கள். விவரம் கேட்டேன். கேஷியர் மூன்று பேரைக் கூப்பிட்டார். பட்டியல் வந்தது, அதில் பயன்படுத்தாத ஒரு பொருள் இருந்தது, கழித்தார்கள். கேட்டால் கழிக்கிறார்கள். உள்ளே 13ஐயும் 9ஐயும் கூட்டி 22 வருகிறதா என்று பார்த்த கட்டடத்திலேயே, கீழ்மாடிக் கணக்கு இப்படி இருக்கிறது.

அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் இதில் ஒரு துளிதான் செலவாகியிருக்கும். வெளிநோயாளிச் சீட்டு 1 வெள்ளி, ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் 5 வெள்ளி என்கிற கட்டணம் அங்கே இன்னும் குடிமக்களுக்கு உண்டு. இதே வேலையைச் செய்யும் கைகள் அங்கேயும் இருக்கின்றன. அக்காவுக்கு இன்சூரன்ஸ் இருந்தது, கீமோ ஃபைலும் தனியாரில் இருந்தது, அதனால் இங்கே வந்தோம். இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை. பரிந்துரைக் கடிதத்தோடு அரசு இதயப் பிரிவைக் கேளுங்கள், கையில் எக்ஸ்ரேயும் போர்ட் கார்டும் இருக்கட்டும்.

எந்த மருத்துவமனைக்குப் போனாலும் நான் கேட்கச் சொல்வது: முடியாவிட்டால் அறுவை டாக்டர் உள்ளேயே இருக்கிறாரா? எடுத்த துண்டை அளந்து, வைத்த நீளத்தோடு ஒப்பிட்டுக் காட்டுவீர்களா? இரண்டாவது கேள்விக்கு முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். போர்ட் இன்னும் நெஞ்சில் இருப்பவர்கள், சலைன் இறங்கக் கையைத் தூக்கச் சொன்னால், கையைத் தூக்குவதற்கு முன்னால் எக்ஸ்ரே கேளுங்கள்.

கேத் லேப்புக்கும் டாக்டருக்கும் ஐந்துக்கு ஐந்து. வார்டுக்கு நாலு, கஞ்சியில் உப்புப் போட்டால் நாலரை. கவுண்ட்டருக்கு ஒன்று, அதுவும் அங்கே தண்ணீர் மெஷின் வேலை செய்ததால். அந்த 5,000 வெள்ளி முன்பணத்தில் மீதி, "புரோசஸ் ஆகிறது" என்று இன்றைக்குக் காலையிலும் போனில் சொன்னார்கள். வந்து சேர்ந்ததும் அந்த ஒன்றை ஒன்றரையாக்கி விடுகிறேன்.